லிஃப்டுக்குப் போன துரை

பாதியில் நின்ற கட்டடத்தைப் பற்றித் தங்காக் ஆளிடம் வந்து புலம்பாதீர்கள். எங்கள் ஊர்க் கதையே பாதியில் நின்ற ஒப்பந்த வேலையில்தான் தொடங்குகிறது.

ஊருக்குப் பின்னால் 1,276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறதே குனோங் லேடாங், அதன் உச்சியில் ஓர் இளவரசி இருந்தாளாம். மலாக்கா சுல்தான் மஹ்முட் ஷாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. மற்ற ராஜாக்களுக்குக் கிடைக்கிற மாதிரிப் பெண் தமக்கு வேண்டாம் என்பது அவர் கொள்கை. பெண் கேட்டு மலையேறிப் போனவர்களிடம் சீர்வரிசைப் பட்டியல் வந்து சேர்ந்தது. மலாக்காவிலிருந்து மலை வரைக்கும் தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், கொசுவின் இதயம் ஏழு தட்டு என்று போய், கடைசியில் சுல்தானின் ரத்தத்திலும் இளவரசனின் ரத்தத்திலும் ஆளுக்கொரு கிண்ணம் என்று முடிந்தது. ‘மற்றதெல்லாம் ஆகும், ரத்தம்தான் ஆகாது’ என்றாராம் சுல்தான். கவனியுங்கள், தங்கப் பாலம் ஆகுமாம்! கடல் மட்டத்திலிருந்து மலையுச்சி வரைக்கும் தங்கத்தில் பாலம் போடச் சம்மதித்தவர், கிளினிக்கில் தருகிற அளவு ரத்தத்துக்குப் பின்வாங்கினார். 1511இல் போர்த்துகீசியர்கள் வந்து மலாக்காவையே எடுத்துக்கொண்டதால் பாலத்துக்கு அஸ்திவாரம் எந்தப் பக்கம் தோண்டுவது என்ற கேள்வி எழாமலே போயிற்று.

பெண்ணுக்காகக் கட்டுகிறேன் என்று கிளம்புகிற எல்லா ஆண்களின் கதையும் இந்தப் பட்டியலுக்குள்தான் அடக்கம். போன வருடம் என் வீட்டிலும் நடந்தது. தாமானில் வரிசையாக நிற்கிற ஒற்றை மாடி வீடுகளில் ஒன்று என்னுடையது. முன்பக்கம் கார் நிறுத்துகிற இடத்துக்கு மேல் கூரை போட வேண்டும், அவ்வளவுதான். குத்தகைக்காரர் கைபேசியை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் படம் காட்டினார். கிரேக்கத் தூண், ரோமாபுரித் தூண், அரபு வளைவு, பாலித் தீவு ஓடு. வீட்டுக்காரி அரபு வளைவில் விரலை வைத்துவிட்டாள். பதினெட்டடி அகலத்துக்கு எதற்கம்மா அரபு வளைவு என்று கேட்டதற்கு, உங்களுக்கு ரசனை கிடையாது என்று பதில் வந்தது. முன்பணம் கொடுத்தோம். ஒரு தூண் எழும்பியது. குத்தகைக்காரர் இன்னும் தேடப்பட்டு வருகிறார்.

அந்த ஒற்றைத் தூணைப் பார்த்துக்கொண்டு காலையில் பசியாறும்போதுதான் எனக்குக் கெல்லி துரையின் ஞாபகம் வரும். அவரிடம் போவதற்கு முன் இந்த நோய் எங்கிருந்து பரவியது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தங்காக் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். உள்ளே நுழைந்தால் கடைக்காரர் துணிச் சுருளைத் தள்ளி மேசை மேல் ஓடவிடுவார். பூப்போட்டது, கட்டம் போட்டது, ஜரிகை வைத்தது, எது வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய வீட்டு நிபுணர்களும் இதே வியாபாரம்தான் செய்தார்கள். மேசை மேல் ஓடியது வரலாறு, அது ஒன்றுதான் வித்தியாசம். இது பிரெஞ்சு ராஜா காலத்துத் துணி, இது ஸ்பெயின் மூர்கள் நெய்தது, இது மொகலாயர் ஜரிகை. உங்கள் உடம்புக்கு எது எடுக்கும்?

அமெரிக்காவில் இந்தக் கடையின் பெரிய முதலாளி ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட். பாரிசின் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் கட்டடக்கலை படித்த முதல் அமெரிக்கர். சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டியவரும் அவர்தான். ரயில் பணத்தில் கொழுத்த வாண்டர்பில்ட் குடும்பத்தின் இளைய வாரிசு ஜார்ஜ் அவரிடம் போய் மலைப்பக்கம் ஒரு வீடு வேண்டும் என்றார். பிரான்சின் ஆற்றங்கரைக் கோட்டைகளை அப்படியே பெயர்த்தாற்போல வட கரோலினா மலைக்காட்டில் ஹன்ட் எழுப்பிய பில்ட்மோரில் 250 அறைகள். 43 குளியலறை, 65 கணப்படுப்பு. 1895 கிறிஸ்துமசுக்குக் கதவு திறந்தபோது வீட்டுக்காரருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. ஒற்றை ஆள் 43 குளியலறையை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. ஹன்ட் அதைக் கேட்டுக்கொள்ள இருக்கவும் இல்லை. அந்த வருட ஜூலையிலேயே கண்ணை மூடிவிட்டார். ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: பில்ட்மோரில் லிஃப்ட் இருந்தது.

அடுத்த தலைமுறைக் கடைக்காரர் அடிசன் மிஸ்னர். முறையாகப் படித்துப் பட்டம் வாங்காதவர். ஃப்ளோரிடாவின் பாம் பீச்சில் புதுப் பணக்காரர்களுக்குப் பழைய ஸ்பெயின் மாளிகைகளைக் கட்டிக் கொடுத்தார். புது மரச் சாமான்களை ஆள் வைத்து அடித்து, பல நூற்றாண்டு பழசாக்கி உள்ளே போடுவார். ஒரு மாளிகையில் மாடிப்படி வைக்கவே மறந்துவிட்டார் என்பது அவரைப் பற்றிய கதைகளில் ஒன்று. பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனால் யாரைப் பற்றி என்ன பொய் சொன்னால் ஊர் நம்பும் என்பதும் வரலாறுதானே.

நம்ம பக்கத்தில் இந்தக் கடை திறந்தது சென்னையில். ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை 1768இல் எழுந்தது. கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்று சொல்வார்கள். இவர் கெட்டிக்காரர். வீடும் கட்டிக் கொடுப்பார், வட்டிக்குக் கடனும் கொடுப்பார். நவாபின் கடன் கடைசியில் லண்டன் பாராளுமன்றம் வரைக்கும் போய் நாறியது. தவணை முறையில் கனவு விற்பது நேற்று வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள்.

அதற்கப்புறம் சார்ல்ஸ் மான்ட் என்றொரு மேஜர். பரோடா மகாராஜாவுக்கு லட்சுமி விலாஸ் அரண்மனையை வரைந்தவர். கணக்கு எங்கேயோ தப்பிவிட்டது, கட்டடம் சரிந்துவிடும் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது, அந்தக் கவலையிலேயே 1881இல் போய்ச் சேர்ந்தார் என்பார்கள். மிச்ச வேலையை எடுத்து முடித்தவர் சென்னையில் செனட் ஹவுஸ் கட்டிய ராபர்ட் சிஷோம். அரண்மனை இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. கணக்கு சரிதான், மனுஷன்தான் தப்பு. எங்கள் குத்தகைக்காரருக்கு அந்தப் பயத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்தத் துணி அப்படியே கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. கோலாலம்பூரில் அரசாங்க அலுவலகம் கட்டத் திட்டம் போட்டபோது நார்மன் என்பவர் ஐரோப்பிய பாணியில்தான் முதலில் வரைந்தார். மேலதிகாரி ஸ்பூனருக்குப் பிடிக்கவில்லை. இது முஸ்லிம் நாடு, அதற்கேற்றாற்போல் போடு என்றார். பிட்வெல் என்கிற உதவியாளர் உட்கார்ந்து மொகலாய வளைவும் செப்புக் குமிழும் வரைந்து தள்ள, 1897இல் திறந்தது இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். பெயர் நார்மனுக்குப் போயிற்று. பிட்வெல் சிங்கப்பூர் போய் ராஃபிள்ஸ் ஹோட்டலை வரைந்து மனதைத் தேற்றிக்கொண்டார். 1910இல் ஹப்பக் என்பவர் கட்டிய ரயில் நிலையத்துக்கும் குமிழ், கோபுரம், ஜரிகை எல்லாம் உண்டு. மலாயாவில் ஒரு மொகலாயனும் ஆண்டதில்லை என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எங்கள் ஜொகூர்தான். வெள்ளைக்காரன் ரயிலுக்கு மசூதி மாதிரி ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜொகூர் பாருவில் மசூதிக்கு விக்டோரியா மகாராணி காலத்து மணிக்கூண்டு மாதிரி கோபுரம் எழுப்பினார்கள். 1892இல் தொடங்கி 1900இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் மசூதியைத்தான் சொல்கிறேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மூவார் ஆற்றங்கரையில் நிற்கிற மசூதியும் அதே ஜாதி. இரண்டு பேரும் ஒருவர் வீட்டுத் துணியை ஒருவர் எடுத்துத் தைத்துக்கொண்டார்கள். யாருக்கு எடுத்தது என்பதை நீங்களே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது கெல்லி.

தங்காக் டோலில் ஏறி வடக்கே போய்க்கொண்டே இருந்தால், கோலாலம்பூரைத் தாண்டி, பேராக்கில் கோப்பெங்குக்கும் பத்து காஜாவுக்கும் நடுவில், சின்ன ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு மாளிகை தெரியும். ஊர்க்காரர்கள் கெல்லியின் கோட்டை என்பார்கள். வெள்ளைக்காரர்களே இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்: கெல்லியின் கிறுக்கு.

அவர் நிஜப் பெயர் வில்லியம் ஸ்மித். 1870இல் ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். நம்ம ஊரில் முருகன் மாதிரி அங்கே ஸ்மித். தெருவில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். பிற்பாடு கையில் காசு சேர்ந்ததும் தாயார் வீட்டுப் பெயரான கெல்லியை நடுவில் செருகிக்கொண்டு வில்லியம் கெல்லி ஸ்மித் ஆனார். பெயருக்கே முகப்பு வளைவு வைத்தவர் வீட்டுக்கு வைக்காமல் இருப்பாரா?

இருபது வயதில், 1890இல், மலாயா வந்தார். அல்மா பேக்கர் என்கிற சர்வேயரோடு சேர்ந்து காட்டை அழித்து ரோடு போட்டதில் முதல் காசு. அந்தக் காசில் கிந்தாவில் ஆயிரம் ஏக்கர் காடு வாங்கினார். கித்தா மரம் நட்டார், ஈயத்திலும் கை வைத்தார். தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர். பிறந்த கிராமத்தைப் பேராக்கில் நட்டுவிட்ட திருப்தி. 1903இல் ஆக்னஸ் அம்மாளைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் மகள் ஹெலன். முதலில் ஒரு பங்களா கட்டினார். சுமாரான மனுஷன் அதோடு நிறுத்தியிருப்பான். ஆனால் 1910ஐ ஒட்டி ரப்பர் விலை தலைகால் தெரியாமல் ஏறிய நேரம் அது. தோட்டத் துரைமார்களுக்குத் தொப்பி பற்றாமல் போன காலம். 1915இல் மகன் ஆன்டனி பிறந்தான். அதே வருடம் துரை பழைய பங்களாவுக்கு முன்னால் நூல் பிடித்துக் குழி தோண்டச் சொன்னார்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. கப்பலைக் கடலுக்கடியிலிருந்து அடிக்கிறார்கள். துரை செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வரவழைக்கிறார். கூடவே சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கைவேலைக்காரர்கள். மலாயாவில் அப்போது ஏற்கெனவே லட்சக்கணக்கில் தமிழர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் கையில் பால் வெட்டுகிற கத்தி. இவருக்குக் கரண்டியும் தூக்குக்குண்டும் பிடித்த கை வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்துக்காரனின் கோட்டைக்குள் ஸ்பெயின் மூர்களின் குதிரை லாட வளைவு, அதைத் தமிழ்க் கொத்தனார் கட்ட வேண்டும், ஓரத்தில் மலாயா மழை பெய்துகொண்டிருக்கும். துணிக்கடையில் ஒரே சட்டைக்கு நாலு சுருளிலிருந்தும் வெட்டச் சொன்னால் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார்? மேஸ்திரி அப்படித்தான் பார்த்திருப்பார்.

துரைமார் தோட்டத் தமிழ் பேசுவார்கள். கட்டிக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படி ஓடியிருக்கும் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

“மேஸ்திரி, இந்த இடத்துல என்ன வருது தெரியுமா?”

“தெரியலீங்க தொரை.”

“லிஃப்ட். பொட்டி மாதிரி. உள்ளே நின்னா மேலே போகும்.”

“படி கட்டியாச்சுங்களே தொரை.”

“படி இருக்கட்டும். மலாயாவுல யார் வீட்லயும் இது கிடையாது.”

“அப்ப இங்கன என்ன வைக்கட்டுங்க?”

“ஒண்ணும் வைக்காதே. ஓட்டையா விடு.”

மேஸ்திரி ஓட்டையாக விட்டார். நூறு வருடமாக அது ஓட்டையாகவே இருக்கிறது. மொத்த மாளிகையிலும் சொன்னபடி முழுசாக முடிந்த வேலை அது ஒன்றுதான்.

பதினான்கு அறை, மது வைக்கப் பாதாள அறை, மொட்டை மாடியில் விருந்து, வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் என்று திட்டம் நீண்டது. ஆற்றுக்கடியில் சுரங்கப் பாதை உண்டு என்றும் சொல்கிறார்கள். லிஃப்டும் சுரங்கமும் ஒரே வீட்டில் வேண்டும் என்றால் அந்த மனுஷனுக்குத் தரைமட்டத்தில் ஏதோ மனஸ்தாபம் இருந்திருக்க வேண்டும்.

1918இல் உலகம் முழுக்கப் பரவிய விஷக்காய்ச்சல் கிந்தாவுக்கும் வந்தது. ஸ்பானிஷ் காய்ச்சல் என்று பெயர். ஸ்பெயின் வளைவு கேட்ட இடத்துக்கு ஸ்பெயின் காய்ச்சலும் வந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் சாரத்தில் நின்றவர்களும் லயத்தில் இருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். இந்த இடத்தில் பகடியை ஒரு பத்தி நிறுத்திவைக்கிறேன்.

மிச்சமிருந்தவர்கள் துரையிடம் போனார்கள். கூலி ஏற்றிக் கேட்கவில்லை, ஊருக்கு அனுப்பு என்றும் கேட்கவில்லை. மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்றார்கள். காய்ச்சல் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதில் தமிழனுக்கு எந்தக் காலத்திலும் குழப்பம் கிடையாது. துரை உடனே சரியென்றார். அவரைப் பற்றிக் கேள்விப்படுகிறதில் எனக்கு மரியாதை வருகிற ஒரே இடம் இதுதான். பெரிய திட்டத்தை நிறுத்திவிட்டுச் சின்னத் திட்டத்துக்கு ஆளும் கல்லும் கொடுக்கிற முதலாளி எந்தக் காலத்திலும் அபூர்வம்.

மாளிகையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் கோயில் எழும்பியது. இங்கே யாரும் மேஸ்திரியிடம் படம் நீட்டவில்லை. எந்த ராஜா காலத்துத் துணி என்று குழம்பவில்லை. ஊரில் அப்பனும் பாட்டனும் கட்டியதைக் கை தானாகவே கட்டியது. கட்டி முடித்ததும் நன்றிக்கடன் தீர்க்க வேண்டுமே. கோயில் கூரை மேல் சாமிச் சுதைகளோடு வரிசையில் துரையையும் செய்து நிறுத்தினார்கள். வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி. தன் மாளிகைக்குத் தன் சிலை வைத்துக்கொள்ளத் தோன்றாத மனுஷனை அம்மன் கோயில் கூரையில் ஏற்றிவிட்டார்கள். லிஃப்ட் இல்லாமலே.

மாளிகை வேலை மறுபடியும் தொடங்கியது, ஆனால் பழைய வேகம் இல்லை. யுத்தம் முடிந்த கையோடு 1920 வாக்கில் ரப்பர் விலை தரையில் விழுந்தது. துரையின் கனவுக்குப் படி அளந்தது அந்த மரத்துப் பால்தான். செங்கல்லுக்குப் பூச்சு போட்ட சுவரும் உண்டு, போடாத சுவரும் உண்டு. இழுத்துக்கொண்டே போயிற்று.

1926இல் துரை ஐரோப்பா போனார். அந்த லிஃப்டை வாங்கிவரத்தான் போனார் என்று பத்து காஜாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிசம்பரில் போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் நிமோனியா கண்டது. ஐம்பத்தாறு வயதில் அங்கேயே முடிந்தார். எங்கள் சுல்தானின் பாலத்தை முடித்துவைத்ததும் போர்த்துகீசியர்கள், கெல்லியின் லிஃப்டை முடித்துவைத்ததும் போர்த்துகல். இந்த நாட்டுக் கட்டடக்காரர்கள் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்காமல் இருப்பது நல்லது.

ஆக்னஸ் அம்மாள் பிள்ளைகளோடு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். தோட்டமும் மாளிகையும் ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு விலைபோயின. கம்பெனிக்காரனுக்கு வளைவு எதற்கு? மரத்தை எண்ணிக் கணக்கெழுதினான், மாளிகையைக் காட்டுக்கு விட்டான். கொடியும் வௌவாலும் குடியேறின. ஒரு நாள்கூடக் குடித்தனம் நடக்காத வீட்டுக்குப் பேய் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்காத விஷயம், ஆனால் பேய் உண்டு என்று சத்தியம் செய்கிறார்கள். 1999இல் ‘அன்னா அண்ட் தி கிங்’ என்கிற ஹாலிவுட் படத்தின் சில காட்சிகளை அங்கே எடுத்தார்கள். சயாம் ராஜா கதை. ஸ்காட்லாந்து, ஸ்பெயின், தமிழ்நாடு போதாதென்று கடைசியில் சயாமும் வந்து அந்தக் கலவையில் விழுந்தது. இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். கல்யாண ஜோடிகள் வளைவுக்கடியில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

நானும் வீட்டுக்காரியோடு போனேன். அவள் அந்தக் குதிரை லாட வளைவுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “இதுதான் நான் கேட்டது” என்றாள். இதற்கு எழுபது ஆளைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றேன். “நமக்கு ஒரு ஆள் தங்காக்குக்குத் திரும்பி வந்தாலே போதும்” என்றாள்.

பத்து காஜா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாளிகையைப் பார்த்துவிட்டு அப்படியே காரை ஈப்போ பக்கம் திருப்பிக் கோழித் தவ்கே சாப்பிடப் போய்விடாதீர்கள். கோயிலுக்கும் போங்கள். எழுபது பேரில் மிச்சமிருந்தவர்கள் கடைசிவரை முடித்த வேலை அதுதான். உள்ளே அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்ததும் கூரையை அண்ணாந்து பாருங்கள். துரை இன்னும் மேலேதான் நிற்கிறார்.